மடுல்சீமை மூட்டையும் மெக்சிக்கோப் பொதியும்: ஐந்து நாள் கோப்பிப் பயணம்

முதலாம் நாள்: மகாஓயா

செங்கலடிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பிய பஸ் கறுத்தப் பாலத்தைக் கடந்தபோது காலை ஆறரை மணி இருக்கும். மாசி மாதம். பெரும்போக வெட்டு முடிந்து, வீதியோரம் நெடுகிலும் படங்குகளில் நெல் காயப்போட்டிருந்தார்கள். கரடியனாறு, புல்லுமலை என்று மேற்கே போகப் போக வயல் குறைந்து காடு நெருங்கியது. பேராதனையில் புறப்பட்டுப் பதுளை வழியாக வந்து செங்கலடியில் முடிகிற இந்த ஏ5 வீதியை நாங்கள் பதுளை வீதி என்றுதான் சொல்வோம். மலைநாட்டு மரக்கறி மட்டக்களப்புக்கு வந்து சேரும் வழி இது. இந்தத் தடவை நான் இதில் போனது ஒரு மூட்டை கோப்பிக்காக.

மகாஓயா அம்பாறை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. வெளியூரார் வெந்நீரூற்றைப் பார்க்க வருவார்கள். நான் பஸ் நிலையத்திலேயே நின்றேன். பதுளை மாவட்டத்து மடுல்சீமைப் பக்கத்தில் அரை ஏக்கர் துண்டில் கோப்பி வைத்திருக்கும் அக்கா ஒருவர், தன் கணவரோடு அங்கே வருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாகத் தொலைபேசியில் மட்டுமே பேசிப் பழகியவர். அவர் மலையிலிருந்து பாதி வழி இறங்கி வர, நான் கரையிலிருந்து பாதி வழி ஏறிப் போவது என்பது அவருடைய யோசனைதான்.

மூட்டை 14 கிலோ. சணல் சாக்குக்குள் ஒரு பொலித்தீன் உறை, வாயைச் சுற்றி மூன்று சுற்றுத் தும்புக் கயிறு. அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தேன். வறுக்காத கோப்பிக் கொட்டை வெளிறிய பச்சை நிறம். ஒரு பக்கம் தட்டை, நடுவே கீறல், மணம் காய்ந்த வைக்கோலையும் பச்சைப் பயற்றையும் சேர்த்தது போல இருக்கும். ஒன்றைக் கடித்தேன், பல் இறங்கவில்லை. சரியாகக் காய்ந்திருக்கிறது. ஈரப்பதன் 10 முதல் 12 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. அக்காவின் விதி, கடித்தால் பல் பதியக்கூடாது என்பது.

"ஒங்களுக்குன்னு தனியா காய வச்சது தம்பி. சாக்க வெறுந்தரையில வச்சிறாதீங்க, ஈரம் ஏறிப்போயிரும்" என்றார்.

அந்தத் தனி என்ற சொல்லுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை அவர் பஸ் நிலையத்து வாங்கில் இருந்தபடி விரல்விட்டுச் சொன்னார். ஒரே கொத்தில் உள்ள பழங்கள் ஒன்றாகப் பழுப்பதில்லை என்பதால், ஒரே மரத்துக்கு நாலு ஐந்து தடவை போய், சிவந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். பறித்ததைத் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் நொய்ந்த பழங்களை அள்ளிவிட வேண்டும். கையால் சுற்றும் மெஷினில் தோலை உரித்து, பிசின் போக ஓர் இரவு ஊறவிட்டு, விடிந்ததும் வழுக்கல் நீங்கும்வரை கழுவ வேண்டும். பிறகு பரணில் பரப்பி, மழை இருட்டுக் கண்டால் ஓடிப்போய் மூட வேண்டும். காய்ந்தபின் மேலோட்டைக் குற்றிப் புடைத்தால் இந்தப் பச்சைக் கொட்டை கிடைக்கும். ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்து ஆறு கிலோ பழம் வேண்டும். ஆக, என் கையில் இருந்த மூட்டை ஏறத்தாழ 75 கிலோ பழம். ஒவ்வொன்றையும் அவருடைய விரல் தொட்டிருக்கிறது.

மரங்கள் பலா நிழலிலும், மிளகு படர்ந்த கிளிசரியா மரங்களுக்கு இடையிலும் நிற்கின்றன. உதிரும் இலைதான் உரம். "சந்தையில சிவப்புக்கும் பச்சைக்கும் ஒரே வெலதான் தம்பி. அப்பறம் எவன் சிவப்பா பாத்துப் பறிப்பான்? ஒரே உருவா உருவிப் போட்டுட்டு வேற வேலயப் பாப்பான்" என்றார் கணவர். தரம் குறைந்த கோப்பி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சரியான விடையை நான் இதுவரை கேட்டதில்லை.

மடுல்சீமை என்ற பெயரைக் கோப்பியின் வரலாறு அறிந்த எவரும் மறக்க முடியாது. 1869இல் அங்கேதான் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி முதலில் கண்ணில் பட்டது. பேராதனைப் பூங்காவுக்கு அனுப்பிய இலை இங்கிலாந்துக்குப் போய், அதே ஆண்டில் அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். 1870ஆம் ஆண்டளவில் 10 இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதி செய்த நாடு, அந்த நோயால் இருபது ஆண்டுக்குள் தேயிலைக்கு மாறியது. 1824இல் கம்பளைப் பக்கம் முதல் பெருந்தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்து அந்தக் கோப்பித் தோட்டங்களை உண்டாக்கியவர்களின் வழிவந்தவர் இந்த அக்கா. அவர்களுக்கு அந்தக் கோப்பியில் ஒரு மரம்கூடச் சொந்தமாக இருக்கவில்லை. தன் குடும்பத்தில் கோப்பி மரத்துக்குச் சொந்தக்காரியான முதல் ஆள் தானே என்று அவர் சொன்னபோது குரலில் பெருமை இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். மகாஓயாப் பிரதேசத்துக்குள்தான் பொல்லெபெத்த என்ற வேடர் கிராமம் இருக்கிறது. அதற்கு வடக்கே விரிந்துள்ள மாதுறு ஓயாக் காடு 1983இல் தேசிய பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடித் தேன் எடுத்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. சிலரை இதே மாவட்டத்தின் ஹெனானிகலவில் குடியமர்த்தினார்கள். யன்னலுக்கு வெளியே அந்தக் காட்டின் ஓரத்தைப் பார்த்தபடி வந்தேன். நான்காம் நாள் நான் போகவிருப்பது தமிழ் பேசும் கரையோர வேடரின் ஊருக்கு.

இரண்டாம் நாள்: கல்லடி

ஹம்பேர்க்கிலிருந்து பெரியம்மாவின் மகள் வந்திருக்கிறார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எனக்கென்று அவர் கொண்டுவந்தது கால் கிலோக் கோப்பிப் பொதி ஒன்று. மெக்சிக்கோ மலைகளில் பழங்குடிக் குடும்பங்கள் மரநிழலில் விளைவித்தது, பாய்க்கப்பலில் அத்திலாந்திக்கைக் கடந்து ஹம்பேர்க் வந்தது என்று அதில் அச்சிட்டிருந்தது. "கடல் முழுக்கக் காத்தில வந்ததை நான் கடைசியாப் பிளேனில தூக்கிக்கொண்டு வந்திட்டன்" என்று அக்கா வருத்தத்தோடு சொன்னார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஊருக்கு வர வேறு வழி இல்லை.

மடுல்சீமைக் கொட்டையைப் பின்வளவில் வறுத்தோம். கனத்த மண்சட்டி, சிரட்டைத் தணல், நீளக் காம்பு அகப்பை. ஒரு நேரத்தில் இருநூறு கிராமுக்கு மேல் போட்டால் ஒரு பக்கம் கருகிவிடும். கிண்டுவதை நிறுத்தக்கூடாது. முதலில் பச்சை வெளிறி மஞ்சளாகும், அப்போது நெல் அவிக்கும் மணம் வரும். பிறகு கறுவாப்பட்டை நிறம். மேல்தோல் சருகாகக் கழன்று பறக்கும். பன்னிரண்டாவது நிமிடத்தில் சோளம் பொரிவது போல ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் கொட்டைக்குள் இருக்கும் நீராவி அதைப் பிளந்துகொண்டு வரும் சத்தம் அது. வெடிப்பு அடங்கி ஒரு நிமிடத்தில் சுளகில் கொட்டி, பெரியம்மா வீசிப் புடைத்துக் கொடுத்தார். இருநூறு கிராம் போட்டதில் நூற்றெழுபது தேறியது. முதல் சட்டியை நான் அவசரப்பட்டுத் தணலைக் கூட்டிக் கெடுத்துவிட்டேன். மடுல்சீமை அக்காவின் விரல் தொட்ட ஒரு கிலோ பழம் அதோடு போயிற்று என்பது நாள் முழுக்க மனத்தில் கிடந்து உறுத்தியது.

பிறகு இரண்டையும் அடுத்தடுத்துக் கோப்பைகளில் ஊற்றினோம். மெக்சிக்கோக் கோப்பியில் பனங்கட்டியின் இனிப்பும் பின்னால் மெல்லிய தோடம்பழப் புளிப்பும் தெரிந்தன. மடுல்சீமையுடையது அதைவிடக் கனம். மிளகுக் கொடியின் நெடி ஒன்று அடியில் நின்றது. சிறப்புத் தரக் கோப்பி என்றால், தேர்ந்த சுவைஞர்கள் 100க்கு 80 புள்ளிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது உலக வழக்கம். எனக்குப் புள்ளி போடத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே வகையான கவனத்தில் பிறந்தவை என்பது நாக்குக்குத் தெரிந்தது.

"என்னகா மகள் இது, புளிக்குதே! இஞ்சியும் மல்லியும் போட்டுக் குற்றினாத்தான் கோப்பி" என்றார் பெரியம்மா. செத்த வீட்டில் விடிய விடிய ஊற்றிக்கொடுக்கிற இஞ்சிக் கோப்பிதான் அவருக்குக் கோப்பி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெக்சிக்கோவின் மலைக் கிராமங்களிலும் வீட்டுக்கென்று வைக்கும் கோப்பி மண்பானையில், கறுவாப்பட்டையும் கரும்புச் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சுவதுதான்.

மாலை முழுவதும் அக்காவும் நானும் விலையைப் பற்றிப் பேசினோம். மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்தில், தெஹுவாந்தெபெக் பூசந்தியை ஒட்டிய மலைகளில் சப்பொத்தெக், மிஹே முதலிய பழங்குடிகள் சிறு துண்டுகளில் கோப்பி வைத்திருக்கிறார்கள். விளைச்சல் காலத்தில் மலையேறி வந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிச் செல்லும் இடைத்தரகருக்கு அவர்கள் வைத்த பெயர் கொயோத்தே, அதாவது நரி. 1980களின் தொடக்கத்தில் அந்தக் குடும்பங்கள் ஒன்றுகூடி உசிரி என்ற கூட்டுறவை அமைத்தன. ஸ்பானிய மொழியில் அது ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகள்தான். நம் காதில் வேறொன்றாக விழுகிறது. அவர்களோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹொஃப், நிக்கோ றோசன் என்பவரோடு சேர்ந்து எடுத்த முயற்சியால் 1988 நவம்பர் 15ஆம் திகதி நெதர்லாந்தில் மக்ஸ் ஹவலார் முத்திரையோடு அந்தக் கோப்பி கடைக்கு வந்தது. இன்று உலகம் முழுவதும் தெரியும் நியாய வணிக முத்திரைகளின் தொடக்கம் அதுதான். ஜாவாவின் கோப்பி விவசாயிகளை டச்சு ஆட்சி கசக்கிப் பிழிந்ததை எதிர்த்துப் பேசும் ஒரு பழைய நாவலின் நாயகன் பெயரை அதற்கு வைத்தார்கள். புளியந்தீவில் டச்சுக் கோட்டைச் சுவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் பெயர்த் தெரிவு சும்மா கடந்து போகக் கூடியதாக இல்லை.

முத்திரை தேவைப்பட்டதன் காரணம் அடுத்த ஆண்டே தெரிந்தது. 1989 ஜூலையில் உலகக் கோப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி அளவுக் கட்டுப்பாடுகள் குலைந்து விலை சரிந்தது. 2001இல் ஓர் இறாத்தல் 50 அமெரிக்கச் சதத்துக்கும் கீழே போயிற்று. 2025 பெப்ரவரியில் அதே இறாத்தல் 4 டொலரைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தில் அரை ஏக்கர்க்காரர் எதை நம்பி நிழல்மரம் நடுவார்? நியாய வணிகத்தில் கழுவிய அரபிக்கா வகைக் கோப்பிக்குக் குறைந்தபட்ச விலை 2023 ஓகஸ்டில் இறாத்தலுக்கு 1.80 டொலராக்கப்பட்டது, அதற்குமேல் 20 சதம் கூட்டுறவின் பொது வேலைக்கு. சந்தை உயரும்போது சந்தை விலை, விழும்போது இந்தத் தரை. தரை தாழ்வாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வது சரியென்றே நானும் நினைக்கிறேன். ஆனால் காலடியில் தரை என்று ஒன்று இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நேற்று மகாஓயா வாங்கில் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் அக்காவிடம் சொன்னேன். மடுல்சீமையில் முதலில் கண்ட அந்தச் செம்மஞ்சள் பொடி 1970இல் பிரேசிலுக்கும், 1976இல் நிக்கராகுவாவுக்கும், 1981இல் மெக்சிக்கோவுக்கும் போய்ச் சேர்ந்தது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் மத்திய அமெரிக்காவின் சிறு தோட்டங்களை வாட்டி எடுத்தது. ஆக, எங்கள் மேசையில் அருகருகே இருந்த இரண்டு கோப்பைகளும் ஒரே நோயைக் கண்ட மரங்களிலிருந்து வந்தவை.

மூன்றாம் நாள்: வாவி

இன்று தூரப் பயணம் இல்லை. காலையில் கல்லடிப் பழைய பாலத்தில் அக்காவோடு நடந்தேன். 1924இல் திறந்த பாலம். இப்போது பக்கத்தில் புதியது இருப்பதால் இது நடப்பவர்களுக்கும் தூண்டில் போடுபவர்களுக்கும் விட்டதாகிவிட்டது. கீழே தோணி ஒன்று கோலூன்றிப் போனது. பாலத்துக்கு முன்பு இந்த வாவியைக் கடந்த ஒவ்வொரு மூட்டையும் தோணியில்தான் கடந்தது. யாழ்ப்பாணத்து வத்தைகள் பாய் விரித்துக் கரையோரமாக வந்து நெல் ஏற்றிப் போன கதையைப் பெரியப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், நம்மவர்களே மாலுமிகளாக இருந்து செலுத்த, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. காற்றில் பொருள் ஏற்றுவது நமக்கு அயலான செய்தி அல்ல.

அக்கா கொண்டுவந்த பொதியைப் போன்ற கோப்பியை ஹம்பேர்க்குக்கு ஏற்றிவந்த கப்பல்களில் ஒன்று அவொன்டூர். 1920இல் நெதர்லாந்தில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பலை ஒரு ஜேர்மன் மாலுமி வாங்கிப் புதுக்கி மீண்டும் கடலில் விட்டார். திரெஸ் ஹொம்பிரெஸ் என்ற இன்னொன்று இயந்திரமே இல்லாமல் 2009இல் ஓடத் தொடங்கியது. அது ஏற்றக்கூடியது நாற்பது தொன் அளவுதான். ஒரு பெரிய கொள்கலன் கப்பலின் மூலையில் வைத்தால் காணாமல் போய்விடும் அளவு. ஆயினும் உலகின் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 3 சதவீதம் கப்பல்களால் வருகிறது என்றிருக்கும்போது, காற்றால் முடியும் என்று யாராவது காட்டிக்கொண்டிருப்பது அவசியம்.

அளவைச் சரியாகப் பார்க்க வேண்டும். 2020இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கார்மென் நாப், மார்க் மாஸ்லின் இருவரும் வெளியிட்ட கணக்கின்படி, வழக்கமான முறையில் பிரேசிலிலும் வியட்நாமிலும் விளைந்து ஐக்கிய இராச்சியத்துக்கு வரும் ஒரு கிலோ அரபிக்காப் பச்சைக் கொட்டைக்குச் சராசரியாக 15.33 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு வெளியாகிறது. அக்கறையோடு விளைவித்து ஏற்றினால் அது 3.51 கிலோவாகக் குறையும். விமானத்தை விட்டுக் கப்பலில் ஏற்றுவதும், இரசாயன உரத்தைக் குறைப்பதும், தண்ணீரையும் எரிபொருளையும் சிக்கனமாகச் செலவழிப்பதும்தான் அந்த வேறுபாட்டின் காரணங்கள். பாய்மரம் இல்லாமலே பெரும்பகுதி குறைந்துவிடுகிறது.

ஆகவே எங்கள் ஊருக்குப் பொருத்தமான பாய்க்கப்பல் எது என்று யோசித்தேன். எப்படியும் ஓடப்போகிற பதுளை பஸ்தான். 14 கிலோவுக்காக ஒரு துளி டீசல்கூடக் கூடுதலாக எரியவில்லை என்றே சொல்லலாம். ஒரு வாகனத்தை வாடகைக்கு எடுத்து மலைக்குப் போய்வந்திருந்தால், மடுல்சீமை அக்காவின் நிழல்மரங்கள் சேர்த்துவைத்ததை நான் வழியிலேயே எரித்திருப்பேன்.

நான்காம் நாள்: வாகரை

வாழைச்சேனை, ஓட்டமாவடி, காயங்கேணி, பனிச்சங்கேணிப் பாலம். திருகோணமலை வீதியில் வடக்கே போகும்போது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் மாறி மாறி வரும். சுனாமியும் போரும் அடுத்தடுத்து மிதித்துவிட்டுப் போன கரை இது. வறுத்துத் திரித்த இரண்டு கோப்பிகளையும் சின்னப் போத்தல்களில் எடுத்துக்கொண்டு, நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பி, கரையோர வேடர் வாழும் ஊர் ஒன்றுக்குப் போனேன்.

இவர்கள் தமிழ் பேசுபவர்கள். களப்பில் மீனும் இறாலும், சேனையில் சோளமும் கச்சானும், காட்டில் தேனும் விறகும் என்று வாழ்பவர்கள். தம்பானை வேடரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, தங்கள் மாவட்டத்திலேயே தங்கள் மொழியைப் பேசும் ஆதிக்குடிகள் இருப்பது தெரியாமலே பள்ளிக் காலம் முடிந்துவிடுகிறது. இவர்களின் சடங்குகளில் கப்பல் பேய்க்கு எடுப்பது என்று ஒன்று உண்டு. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வில்கூட அது பதிவாகியிருக்கிறது. கடலில் வந்த பாய்க்கப்பல்களை இந்தக் காட்டோரத்து மக்கள் எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தால் அது தெய்வ வரிசையில் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பருக்குப் பழக்கமான பெரியவரின் வீட்டுத் திண்ணையில் இருந்தோம். எழுபதைக் கடந்தவர். பிள்ளைகள் அப்பா என்றும் ஊரார் மூத்தப்பா என்றும் அழைத்தார்கள். நானும் மூத்தப்பா என்றே அழைத்தேன். அவருடைய மருமகள் அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்கவைத்தார். வடிப்பதற்குத் துப்புரவான வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைத் தேடித் தந்தார். சீனிக்குப் பதிலாக மூத்தப்பா உள்ளே போய் ஒரு போத்தல் கொண்டுவந்தார். போன வருடத்துக் காட்டுத்தேன். அடியில் கொஞ்சம் உறைந்து மணல்போல நின்றது. இது தேன்காலம் அல்ல. வைகாசி, ஆனியில் காடு பூத்து ஓய்ந்தபின் போனால்தான் அடை நிறைந்திருக்குமாம். முழு அடையையும் அறுக்காமல், குஞ்சு இருக்கும் பகுதியை விட்டு, தேன் உள்ள பகுதியை மட்டும் எடுப்பது அவர்கள் வழக்கம். "முழுசா எடுத்தா அடுத்த வருசம் ஆருகிட்டப் போறது?" என்றார். நிழல்மரம், இலையுரம், சிவந்ததை மட்டும் பறித்தல் என்றெல்லாம் நான் இரண்டு நாளாக எழுதிக்கொண்டிருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

தேன் விட்ட மடுல்சீமைக் கோப்பியை அவர் மெல்ல உறிஞ்சினார். பிறகு மெக்சிக்கோவுடையதை. அதை விளைவித்தவர்களும் உங்களைப் போல அந்த மண்ணின் ஆதிக்குடிகள்தான் என்றேன். அவர்களுடைய கூட்டுறவைப் பற்றியும், நரி என்று பேர்வைத்த தரகரைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பெயரைக் கேட்டதும் மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். இங்கேயும் தேனுக்கு ஆள் வரும். போத்தலைத் தூக்கிப் பார்த்து, இது சீனிப்பாகு கலந்தது என்று முதலில் ஒரு குற்றம் சொல்லி, விலையை இறக்கி, வாங்கிக்கொண்டு போவார்கள். அதே தேன் நகரத்துக் கடையில் வேறு போத்தலில், காட்டின் படத்தோடு, ஊர்ப் பெயர் இல்லாமல் இருக்கும். நானே ஒரு கடையில் அப்படி வாங்கியிருக்கிறேன். யாருடைய கை அதை இறக்கியது என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மூத்தப்பா கேட்டார்:

"இத நட்ட ஆக்கள் இதக் குடிக்கிறாங்களா மகன்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. மெக்சிக்கோவில், நல்லதை ஏற்றுமதிக்குக் கொடுத்துவிட்டுக் கழித்துவிட்டதை வீட்டுப் பானையில் போடும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அது எங்கோ தூரத்துக் கதை. மடுல்சீமை அக்கா? அவர் தன் கொட்டையைப் பச்சையாக விற்றுவிட்டு, கடையில் தேயிலைத்தூள் வாங்கிக் குடிப்பதாகத்தான் ஒருமுறை சொல்லியிருந்தார். இரண்டு வருடத்தில் அவருடைய கோப்பியை எத்தனையோ பேருக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு ஒரு கோப்பைகூடக் கொடுத்ததில்லை. நேருக்கு நேர் சந்தித்த முதலாம் நாளும் வெறுங்கையோடுதான் போனேன்.

"குடிக்கல மூத்தப்பா" என்றேன்.

"அப்ப அவங்களுக்கு என்ன விலை கேக்கிறதெண்டு எப்பிடித் தெரியும்? எனக்கு என்ட தேனின்ட ருசி தெரியும். அதால அவன் கலப்படமெண்டு சொல்லக்குள்ள எனக்குக் கோவம் வருது."

அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஆனால் சிறப்புக் கோப்பியைப் பற்றி நான் படித்த எல்லாவற்றிலும் இது விடுபட்டிருந்தது. சுவைத்துப் புள்ளி போடுகிறவர் வாங்குகிறவராகவும், விலையைக் கேட்டுத் தலையாட்டுகிறவர் விளைவிக்கிறவராகவும் இருக்கும்வரை, நிழல்மரமும் பாய்க்கப்பலும் இருந்தாலும் தராசு ஒரு பக்கம்தான் சாயும். உசிரிக்காரர்களின் பலமே கூட்டாக இருந்து விலையைத் தாங்கள் பேசத் தொடங்கியதில்தான் இருந்தது. அதற்கு முன்படி, தங்கள் பொருளின் தகுதியைத் தங்கள் நாக்கால் அறிவது.

புறப்படும்போது இரண்டு போத்தல் தேன் வாங்கினேன். விலையை மூத்தப்பாவே சொன்னார். நண்பர் பேரம்பேச வாயெடுத்ததை நான் கையமர்த்தி நிறுத்தினேன்.

ஐந்தாம் நாள்: செங்கலடி

விடியற்காலையில் எழுந்து மடுல்சீமைக் கொட்டையில் இன்னும் இரண்டு சட்டி வறுத்தேன். தணலைக் கூட்டவில்லை. பெரியம்மா பாதியைத் தன் கையாலேயே இஞ்சியும் மல்லியும் சேர்த்து உரலில் குற்றி, தனிப் பொட்டலமாகக் கட்டித் தந்தார். இரண்டையும் ஒரு தேன் போத்தலையும் மடுல்சீமை அக்கா கொடுத்துவிட்ட சாக்கிலேயே வைத்து, அதே தும்புக் கயிற்றால் வாயைக் கட்டினேன். செங்கலடிச் சந்தியில் பதுளை பஸ்ஸின் நடத்துநரிடம் கொடுத்தபோது, "கீழயிருந்து மேல கோப்பி போகுதா?" என்று வியந்தார். அவருக்கும் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தேன். பசறையில் அக்காவின் கணவர் வந்து இறக்கிக்கொண்டார்.

இரவு எட்டரை மணிக்கு அக்கா அழைத்தார். பின்னால் நாலைந்து பேர் பேசும் சத்தம் கேட்டது.

"தம்பி, கட்டை அவுத்ததுமே லயம் முழுக்க வாசம். இஞ்சி போட்டது எல்லாருக்கும் புடிச்சிருக்கு. இஞ்சி போடாதத நானும் எங்க மகளும்தான் ரெண்டாவது வாட்டி ஊத்திக் குடிச்சோம். நம்ம மெளகு வாசம் அடிக்குதுல்ல?"

அடிக்குது அக்கா என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வர்ற தடவ பறிக்கிறதுக்கு முந்தியே வெலயப் பேசிக்கிருவோம் தம்பி. பக்கத்து வீட்டுல ரெண்டு பேரு செவப்பா பாத்துப் பறிச்சுத் தாறேங்கிறாங்க. ஆனா மொதல்ல வெல."

எவ்வளவு வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். உடனே சொல்ல முடியாது. எத்தனை நாள் பறிப்பு, மெஷினுக்கு எவ்வளவு, பசறைக்கு வந்துபோகும் பஸ் காசு எவ்வளவு என்று மகளை இருத்தி எழுதிப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார். என் கணக்குக் கொப்பியில் அடுத்த போகத்துக்கு ஒரு பக்கம் திறந்து, மூன்று குடும்பம் என்று எழுதி, விலைக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.